இடப்பக்க இருக்கை

டொலிடோ, ஒஹாயோ
30 ஏப்ரல் 1986

அன்புள்ள தம்பி பேலா,

இங்கே நானும் என் முழங்காலும் ஒருவரையொருவர் சகித்துக்கொண்டு நலமாக இருக்கிறோம். சுப்பீரியர் ஏரியில் பனிக்கட்டி உடைந்துவிட்டதா? கம்பளி பனியனை மே மாதம் முடியும்வரை கழற்றாதே.

கப்பல் ரேடியோவில் கேட்டிருப்பாய். கல்லூரிப் பையன்களைக் கால்பந்து அணிகள் முறைவைத்துப் பொறுக்கும் நாள் நேற்று. போன வருடம் நம் அணி வாங்கிய அடிக்கு ஒரே லாபம், இரண்டாவது முறையே நமக்கு வந்தது. மாதா கோவில் கூடத்தில் நாற்பது பேர் வேலைக்கு மட்டம் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தோம். எதிரியை மறிக்க மலைமாடு மாதிரி ஒருவனை எடுப்பார்கள் என்று நான் நம்பினேன். எடுத்தது ஒரு குவார்ட்டர்பேக்கை. மறுபடியும்! பதினொரு வருடத்தில் பந்தெறிய வந்த ஐந்தாவது ரட்சகன் இவன். பெயர் டார்ரெல் ஸ்டோக். ஊர் ஐடஹோ.

மைதானத்தில் நமக்குப் பக்கத்து இருக்கைக்காரர் ஜேனோ எழுந்து கத்தினார்: "உருளைக்கிழங்கு விளையுற ஊர்ல குவார்ட்டர்பேக் எங்கய்யா விளைஞ்சான்? மண்ணைத் தோண்டி எடுத்தாங்களா?"

இன்று பேப்பரில் படம் பார்த்தேன். கழுத்து நீளம், கை சிறியது. ஓடுகிற பத்துப் பேரும் இந்தக் கையை நம்பித்தான் ஓட வேண்டும். விளையும் பயிர் முளையிலே தெரியும். இது விளையாது. முப்பது வருடமாகத் தொழிற்சாலையில் பாட்டிலுக்கு விரிசல் பார்க்கிறவள் சொல்கிறேன்.

பந்தயம் கட்டுகிறாயா? கிறிஸ்துமஸுக்குள் அவன் நான்கு ஆட்டம் ஜெயித்தால் நம் வரிசை முழுவதற்கும் நான் முட்டைக்கோஸ் சுருள் சமைக்கிறேன். இல்லாவிட்டால் நீ சமைக்க வேண்டும்.

வேளைக்குச் சாப்பிடு.

உன் அக்கா
இலோனா


'ஹெலன் மார்ஷ்' கப்பல்
12 மே 1986

அன்புள்ள அக்கா,

உன் முழங்காலை விசாரித்ததாகச் சொல். எனக்கு ஒரு குறையும் இல்லை. இடது தோளைக் கதவு நிலையில் இடித்துக்கொண்டேன், அவ்வளவுதான். இந்தக் கப்பலுக்கு வயதாக ஆக வாசலெல்லாம் குறுகுகிறது.

டெட்ராய்ட் ஆற்றில் தபால் படகுக்காரன், நாங்கள் கயிற்றில் இறக்கிய வாளியில் உன் கடிதத்தைப் போட்டான். எங்கள் கப்பல் பையன் கயிற்றை இழுத்த லட்சணத்தில் பாதி வாளி தண்ணீர். மசி கரைந்துவிட்டது. அடுத்த முறை கொஞ்சம் பெரிய எழுத்தாக எழுது.

ஸ்டோக் விஷயத்தில் நீ அவசரப்படுகிறாய். ஆளைப் பாட்டில் மாதிரி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து முடிவு சொல்லலாமா? அவனுக்கு வயது இருபத்திரண்டு. நான் சுக்கான் பிடித்த முதல் வருடம் கப்பலை எங்கே கொண்டுபோய் முட்டினேன் என்று உனக்குத் தெரியும். அப்பாவிடம்கூட நாம் சொல்லவில்லை. அன்றைக்கு என்னை விரட்டியிருந்தால் இருபத்தொன்பது வருடம் இந்தச் சக்கரத்தின் பின்னால் நின்றிருப்பேனா? பொறுத்தார் பூமி ஆள்வார் அக்கா. மூன்று வருடம் கொடு.

பந்தயம் ஒப்புக்கொண்டேன். நீ இப்போதே முட்டைக்கோஸ் பயிரிடலாம்.

ஜேனோவை என் இருக்கையில் உட்கார விடாதே. கோட்டை வைத்து மறித்துக்கொள்.

அன்புடன்
பேலா


டொலிடோ
18 ஆகஸ்ட் 1986

அன்புள்ள பேலா,

நலம். உன்னிடமிருந்து ஜூன், ஜூலை இரண்டு மாதமும் அட்டையில் நாலு வரிதான் வந்தது. அதுவும் மலையேறுவது மாதிரி மேல்நோக்கிச் சாய்ந்த வரிகள். கப்பல் ஆடியதா, நீ ஆடினாயா?

சீசன் தொடங்குமுன் நடக்கும் வெள்ளோட்ட ஆட்டத்துக்குப் போயிருந்தேன். உன் இருக்கையில் என் கோட்டு உட்கார்ந்து பார்த்தது. ஸ்டோக்கின் கை நன்றாக இருக்கிறது, மறுக்கவில்லை. வலப்பக்கம் அறுபது கெஜம் எறிந்தான் பார், ஜேனோ தொப்பியைக் கழற்றிவிட்டார். ஆனால் நான் விரிசலைக் கண்டுபிடித்துவிட்டேன். அவன் இடப்பக்கம் பார்ப்பதே இல்லை. அங்கே நம் ஆள் தனியாக நின்று கையை ஆட்டுகிறான், கல்யாண வீட்டில் பந்தி கிடைக்காதவன் மாதிரி. இவன் திரும்பவில்லை. அதே பக்கத்திலிருந்து எதிரி ஓடிவந்து முதுகில் மோதினான். பையன் பந்து ஒரு பக்கம், தான் ஒரு பக்கம் என்று கிடந்தான்.

ஒரு பக்கம் பார்க்காதவனை நடுவில் நிறுத்தினால் அவன் மட்டுமா அடிபடுவான்? நீயே சொல்.

புது உறை தைத்த தலையணை தேவையா? எழுது.

இலோனா


'ஹெலன் மார்ஷ்'
27 ஆகஸ்ட் 1986

அன்புள்ள அக்கா,

நலம். தலையணை வேண்டாம்.

உன் கடிதத்தைப் படித்ததும் எனக்குக் கோபம் வந்தது. வலது கையால் எறிகிற எவனுக்கும் இடப்பக்கம் முதுகுப் பக்கமாகத்தான் போகும். பெரிய பெரிய ஆட்கள் எல்லாம் அப்படித்தான் எறிந்தார்கள். அந்தப் பக்கத்தைக் காக்க ஒரு தடியனை நிறுத்தியிருக்கிறார்களே, அவன் தூங்கினால் பையன் என்ன செய்வான்? இடப்பக்கம், இடப்பக்கம் என்று ஏன் பாட்டுப் பாடுகிறாய்? அனுபவம் உள்ளவனுக்குத் தலையை இரண்டு அங்குலம் கூடுதலாகத் திருப்பினால் போதும். பழகிவிடும். யாருக்கும் தெரியக்கூடத் தெரியாது.

காட்டமாக எழுதினதுக்கு மன்னித்துக்கொள். இங்கே கொஞ்சம் மூடுபனி. தூக்கம் போதவில்லை. நேற்று சாப்பாட்டு மேசையில் காபிக் குவளையைத் தட்டிவிட்டு சமையற்காரனிடம் பாட்டு வாங்கினேன். "அண்ணே, உங்களுக்குக் குவளையைக் கயித்துல கட்டித்தான் குடுக்கணும்"னு சொல்லிச் சிரிக்கிறான்.

வால்நட் ரொட்டிச் சுருள் செய்தால் அனுப்பு.

பேலா


டொலிடோ
29 செப்டம்பர் 1986

அன்புள்ள பேலா,

நானும் வீடும் நலம். கொல்லையில் மிளகாய் காய்த்துத் தள்ளுகிறது. நூலில் கோத்துக் காயப்போட்டிருக்கிறேன்.

நான்கு ஆட்டத்தில் உன் பையன் இரண்டு ஜெயித்துவிட்டான். எனக்கு வயிற்றெரிச்சல்தான். ஊரே இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. ரொட்டிக் கடையில் "இவன் தேறுவான்" வரிசை ஒன்று, "தேறமாட்டான்" வரிசை ஒன்று. பாதிரியார்கூடப் பிரசங்கத்தில் ஸ்டோக்கை இழுத்தார்.

சனிக்கிழமை ஜேனோவின் காரில் டெட்ராய்ட்டுக்குப் போனேன். வால்நட் சுருளை என் கையாலேயே தபால் படகில் கொடுக்கலாம் என்று ஆசை. படகுத் துறைக்காரர், "உங்க தம்பி கப்பல் மூணு மணிக்கு மேல்நோக்கிப் போகும், நின்னு பாத்துட்டுப் போங்கம்மா" என்றார். நின்றேன். மைதானத்துக்குக் கொண்டுபோகும் பைனாகுலரையும் எடுத்துப் போயிருந்தேன். உன் கப்பல் கரையோரமாகவே வந்தது. நீ முன்தளத்தில் நடந்து வந்தாய். பழுப்புத் தொப்பி. நான் ஆரஞ்சுத் துண்டை எடுத்து வீசினேன், கத்தினேன். நீ கையசைக்கவில்லை. வேலையில் இருந்திருப்பாய்.

கொஞ்சம் இளைத்திருக்கிறாய். வேறு ஒன்றுமில்லை.

சுருள் பிடித்ததா என்று எழுது.

இலோனா


'ஹெலன் மார்ஷ்'
7 அக்டோபர் 1986

அன்புள்ள அக்கா,

நீ டெட்ராய்ட்டில் நின்றாய் என்று படித்ததும் மனசு ஒரு மாதிரி ஆகிவிட்டது. கோபித்துக்கொள்ளாதே. சூரியன் நேரே கண்ணில் அடித்தது, கரையே தெரியவில்லை. பக்கத்தில் இருந்தவன் சொல்லித்தான் திரும்பினேன். அதற்குள் கப்பல் தாண்டிவிட்டது.

சுருள் எனக்கு ஒரு துண்டுதான் கிடைத்தது. மீதியை இருபத்தேழு ஓநாய்கள் தின்றுவிட்டன. உனக்குக் கல்யாண யோசனை உண்டா என்று என்ஜின் அறைக்காரன் ஒருவன் கேட்கச் சொன்னான். வயது அறுபத்தொன்று, பல் எல்லாம் சொந்தம்.

ஞாயிற்றுக்கிழமை ரேடியோவில் மூன்றாவது வெற்றியையும் கேட்டாயா? இன்னும் ஒன்றுதான் பாக்கி. முட்டைக்கோஸ் முற்றிவிட்டதா?

குளிர் ஆரம்பித்துவிட்டது. முழங்காலைப் பார்த்துக்கொள்.

பேலா


டொலிடோ
13 அக்டோபர் 1986

அன்புள்ள பேலா,

நலம். என்ஜின் அறைக்காரருக்கு என் வணக்கம். எனக்கு இருக்கிற ஒரு ஆண்பிள்ளையை மேய்ப்பதே போதும்.

நேற்று நடந்ததை ரேடியோக்காரன் சரியாகச் சொல்லியிருக்கமாட்டான். நான் சொல்கிறேன். மூன்றாவது கால் பகுதி. நாம் மூன்று புள்ளி முன்னால். ஸ்டோக் எறியக் கையை ஓங்கினான், இடப்பக்கமிருந்து எதிரி வந்து இடித்தான். கீழே விழுந்த சத்தம் எங்கள் வரிசைக்குக் கேட்டது. எழுந்தான். எழுந்து நேரே எதிரணிக் கூட்டத்துக்குள் போய் நின்றான்! எல்லோரும் சிரித்தார்கள். நம் ஆள் ஒருவன் தோளைப் பிடித்து இந்தப் பக்கம் கூட்டி வந்தான். அடுத்த எறிக்கு வரிசை கட்டி நிற்கும்போது பையன் கையைத் தூக்கினான். யாரும் கூப்பிடவில்லை, அவனாகத் தூக்கினான். தூக்கிய கையோடு வெளியே நடந்து போனான்.

அதற்குப் பிறகு மாற்று ஆள் வந்து எறிந்து தோற்றோம். ஐம்பதாயிரம் பேர் ஊளையிட்டார்கள். ஜேனோ கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினார். "வீட்டுக்குப் போடா! போய் உருளைக்கிழங்கு தோண்டு! காலு ஒடிஞ்சும் ஆடினவன்லாம் இருந்த மைதானம்டா இது!"

நான் எழுந்து நின்று கை தட்டினேன் பேலா. நான் ஒருத்திதான் தட்டினேன். ஜேனோ என்னோடு பேசவில்லை.

இன்று பேப்பரில் அவன் சொன்னது வந்திருக்கிறது. அப்படியே எழுதுகிறேன்: "எல்லாம் ரெண்டு ரெண்டா தெரிஞ்சுது. எறிஞ்சா நம்ம ஆளுக்குப் போகுமா, அவங்க ஆளுக்குப் போகுமான்னு தெரியல. தெரியாம எறியக் கூடாதில்லையா?"

ஏப்ரலில் சொன்னதை வாபஸ் வாங்குகிறேன். இவன் தேறுவான். நீ என்ன நினைக்கிறாய் என்று எனக்குக் கட்டாயம் எழுது.

உன் அக்கா
இலோனா


'ஹெலன் மார்ஷ்'
24 அக்டோபர் 1986

அக்கா,

நலம்.

நீ தப்பாகப் புரிந்துகொண்டிருக்கிறாய். ஜேனோ சொன்னதுதான் சரி. கையைத் தூக்கிவிட்டு வெளியே போனவனை யார் மறுபடி உள்ளே சேர்ப்பார்கள்? ஒருமுறை போனால் போனதுதான். அந்த இடத்துக்கு இன்னொருவன் வந்துவிடுவான். கொஞ்சம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தால் சீசன் முடிந்திருக்கும். இவன் தேறமாட்டான்.

வேலை அதிகம். இனி அடிக்கடி எழுத முடியாது.

பேலா


டொலிடோ
29 அக்டோபர் 1986

என் அன்புத் தம்பி,

நான் நலமாக இல்லை. ஒரு மாதமாகத் தூக்கமில்லை.

அன்று டெட்ராய்ட்டில் காலையிலிருந்தே தூறல். நான் ஒரு கையில் குடையும் ஒரு கையில் துண்டுமாக நின்றேன். எந்தச் சூரியன் உன் கண்ணில் அடித்தது?

பைனாகுலரில் உன் முகம் எதிரே இருப்பது மாதிரி தெரிந்தது. கரை உனக்கு இடப்பக்கம். தளத்தில் சுருட்டி வைத்த கயிறும் இடப்பக்கம். அதில் கால் தடுக்கி விழப்போனாய். நான் கையை வீசிக்கொண்டே இருந்தேன், ஜேனோ காரின் ஹாரனை அடித்தார். நீ எல்லாப் பக்கமும் பார்த்தாய், என் பக்கம் தவிர. ஒரு பையன் உன் தோளைத் தொட்டுக் காட்டியதும் கழுத்தை முழுக்கத் திருப்பினாய், ஆந்தை மாதிரி. அப்போதும் உன் இடது கண் என்னைப் பார்க்கவில்லை. பாட்டிலில் மயிரிழை விரிசல் பார்க்கிற எனக்கு என் தம்பி கண்ணில் வெளிச்சமில்லை என்று இத்தனை மாதம் தெரியாமல் போயிற்றே. தோள் இடித்ததையும் குவளையைத் தட்டிவிட்டதையும் நீ எழுதத்தான் எழுதினாய். நான்தான் ஸ்டோக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தச் சக்கரம் உனக்கு என்னவென்று எனக்குத் தெரியும். மனைவி, பிள்ளை எல்லாமே அதுதான். அதை விட்டுவிடு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் நவம்பர் வருகிறது. ஏரி எப்படி ஆகும் என்று நீதான் எனக்குச் சொல்லியிருக்கிறாய். சுருளைப் பிடுங்கித் தின்ற இருபத்தேழு பேரும் உன் கண்ணை நம்பித் தூங்குகிறார்கள்.

கம்பெனிக்கு நானே போன் செய்யலாம். எண்ணை எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். இரண்டு முறை டயல் செய்து வைத்துவிட்டேன். நீயாகக் கையைத் தூக்கினால் நீ வெளியே நடந்து வருவாய். நான் சொன்னால் உன்னை இழுத்து வெளியே போடுவார்கள். பதினைந்து நாள் காத்திருப்பேன். அதற்குமேல் சொல்லிவிடுவேன். நீ என்னை மன்னிக்காவிட்டாலும் பரவாயில்லை, நீ உயிரோடு இருந்து என்னை வெறுக்க வேண்டும்.

அக்கா


டுலுத் துறைமுகம்
11 நவம்பர் 1986

அன்புள்ள அக்கா,

சுவரில் ஒட்டிய எண்ணைக் கிழித்துவிடு.

உன் கடிதத்தை வாளியிலிருந்து எடுத்தவன் நான்தான். மூன்று நாள் சட்டைப் பைக்குள் வைத்திருந்தேன். உன்மேல் எவ்வளவு கோபம் என்றால், ஏரியில் எறியத் தளத்தின் கைப்பிடிக் கம்பிவரை போனேன். எறியவில்லை.

உனக்குச் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். ஆகஸ்டில் கொஞ்சம் மூடுபனி என்று எழுதினேனே, அன்று மூடுபனியே இல்லை. செயின்ட் மேரிஸ் ஆற்றில் பட்டப்பகல். ஒரு சின்னப் படகில் அப்பனும் மகளும் மீன் பிடித்துக்கொண்டிருந்தார்கள். என் இடப்பக்கம். துணை அதிகாரி "இடது பக்கம்! பேலா, இடது பக்கம் பாருய்யா!" என்று அலறிய பிறகுதான் சக்கரத்தைத் திருப்பினேன். அந்தப் பெண் கட்டியிருந்த மஞ்சள் ரிப்பன்வரை தெரிந்தது, அவ்வளவு கிட்டத்தில். வெயில் என்று சொல்லித் தப்பித்துக்கொண்டேன். சாக்குச் சொல்லச் சூரியனை அன்றைக்கே பழக்கிவிட்டேன் போலிருக்கிறது. அதற்குப் பிறகு கண்ணை மூடினால் மஞ்சள் ரிப்பன்தான்.

ஸ்டோக் கையைத் தூக்கினான் என்று நீ எழுதியதும் எனக்கு அவன்மேல் வெறுப்பு வந்தது. இருபத்திரண்டு வயதுப் பொடியன். ஐம்பத்து நாலு வயதில் நான் செய்யாததைச் செய்துவிட்டான். தெரியாம எறியக் கூடாதில்லையா. அந்த ஒரு வரியை எத்தனை முறை படித்தேன் என்று கணக்கில்லை.

நேற்று கேப்டன் அறைக்குப் போனேன். உள்ளே நுழையும்போதே நிலையில் இடித்துக்கொண்டேன். சொல்வதற்கு மிச்சம் ஒன்றும் இல்லாமல் போயிற்று. கேப்டன் எழுந்து வந்து கதவைச் சாத்தினார். பிறகு, "ஏன்யா, இருபது வருஷம் கூட நின்னிருக்கேன், என்கிட்டகூட சொல்லத் தோணலையா?" என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன் அக்கா. அழுதுவிட்டேன்.

இங்கே கண் டாக்டர் பார்த்தார். இடது கண்ணுக்குப் பார்வை இனி வராது. வலது கண்ணுக்குப் பயமில்லை. சுக்கானை இனி நான் தொடக் கூடாது. மாற்று ஆள் டெட்ராய்ட்டில் ஏறுகிறான், இருபத்திரண்டாம் தேதி சனிக்கிழமை. தபால் படகிலேயே நான் இறங்கிவிடுவேன். இத்தனை வருடம் வாளியில் கடிதம் போட்டேன், இந்த முறை ஏணியில் நானே வருகிறேன்.

வீட்டில் உட்கார்ந்து என்ன செய்வேன் என்று தெரியவில்லை. பயமாக இருக்கிறது.

ஸ்டோக்கை மறுபடி உள்ளே விட்டார்களா? இங்கே யாருக்கும் தெரியவில்லை.

பேலா


டொலிடோ
21 நவம்பர் 1986

என் தங்கமான தம்பிக்கு,

இந்தக் கடிதம் நாளை வாளியில் உனக்கு மேலே வரும். கயிற்றின் மறுமுனையில், தபால் படகில், நான் நிற்பேன். துறைக்காரரிடம் கெஞ்சி அனுமதி வாங்கிவிட்டேன். படித்துவிட்டு நிதானமாக இறங்கு.

எண்ணைக் கிழித்து அடுப்பில் போட்டுவிட்டேன்.

ஸ்டோக்கை இரண்டு வாரம் உட்கார வைத்தார்கள். பிறகு விட்டார்கள். மூன்று ஆட்டம் தொடர்ந்து தோற்றான், நானே தலையில் அடித்துக்கொண்டேன். ஆனால் இப்போது இடப்பக்கம் பார்க்கிறான். கழுத்தை முழுக்கத் திருப்பி, ஆந்தை மாதிரி. மூன்று வெற்றியிலேயே நிற்கிறது, இன்னும் ஒன்று வேண்டும். ஞாயிறு நம் மைதானத்தில் ஆட்டம். முட்டைக்கோஸ் வாங்கி வைத்திருக்கிறேன். யார் ஜெயித்தாலும் சமைக்கப் போவது நாம் இரண்டு பேரும்தான். நீ வெங்காயம் நறுக்கு. அதற்கு ஒரு கண் இருந்தால் பாதி அழுகைதான்.

சிரித்தாயா? சிரி.

இன்னொரு காரியம். அப்பா நமக்கு இருக்கை வாங்கிய நாளிலிருந்து நான் உன் வலப்பக்கம்தான். உன் இடப்பக்கம் ஜேனோ. நேற்று அவர் வீட்டுக்குப் போய், இடம் மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டேன். அந்த மனிதர் தன் இருக்கையைச் சொந்த மருமகனுக்குக்கூட ஒரு நாள் கொடுத்ததில்லை, உனக்குத் தெரியும். காரணம் சொன்னேன். கொஞ்ச நேரம் தொப்பியை உருட்டிக்கொண்டிருந்தார். "அன்னிக்கு அந்தப் பையனை நான் அப்படிக் கத்தியிருக்கக் கூடாது" என்று மட்டும் சொன்னார். பிறகு தன் பஞ்சு மெத்தையை எடுத்து என் கையில் கொடுத்தார். "அந்த எடம் ஜில்லுன்னு இருக்கும். உனக்கு முழங்கால் வேற."

ஆக, இனி உன் இடப்பக்கம் நான். அந்தப் பக்கம் நடப்பதை நான் சொல்கிறேன். நீ நம்பாமல் சண்டை போடு.

வீட்டில் என்ன செய்வாய் என்று எனக்கும் தெரியாது. எனக்கும் பயம்தான். வசந்தம் வரட்டும், அடுத்த ஏப்ரலில் எவனையாவது எடுப்பார்கள், அவனைப் பற்றிப் பேசுவோம்.

இப்போது கடிதத்தை மடித்துப் பையில் வை. ஏணியின் கடைசி இரண்டு படி ஈரமாக இருக்குமாம். படகில் கால் வைக்கும்போது இடது கையை நீட்டு. அங்கே யாரும் தெரியவில்லையே என்று நினைக்காதே. நான் அந்தப் பக்கம்தான் நிற்கிறேன்.

உன் அக்கா
இலோனா